சீத்தா விதையும் மார்பகப் புற்றுநோயும்

அலிபிரியில் திருமலைப் படிக்கட்டு தொடங்கும் இடத்துக்கு அருகிலுள்ள கிளையில் நாம் பணியாற்றிய காலத்தில், வாடிக்கையாளர் ஒருவர் தமது நிரந்தர வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டு வந்தார். மனைவியின் மார்பில் கட்டி ஒன்று தென்பட்டதாகவும், அதைக் கரைக்க ஆறு மாதத்துக்குச் சீத்தாப்பழ விதைப்பொடி வாங்க வேண்டியிருப்பதாகவும் கூறினார். மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டோம். "பொடி கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றிருக்கிறோம் சார். ஐதராபாத் விஞ்ஞானிகளே கண்டுபிடித்தது இது" என்று, கைப்பேசியில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார்.

அச்செய்தி முழுப் பொய்யன்று. அத்தகைய ஆய்வு நடந்தது உண்மை. ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டில் அதை வெளியிட்டனர். எண்ணெய் நீக்கிய சீத்தா விதையிலிருந்து நீரைக் கொண்டும் பிற கரைப்பான்களைக் கொண்டும் சாரம் பிரித்து, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் புற்றுநோய் உயிரணுக்களின்மீது இட்டுப் பார்த்தனர். எம்.சி.எஃப்-7 என்னும் மார்பகப் புற்றுநோய் உயிரணுக்கள் மடிந்தன. ஒருவகை இரத்தப் புற்றுநோயின் உயிரணுக்களும் மடிந்தன. ஆனால் பெருங்குடல் புற்றுநோயின் உயிரணுக்களில் அதே சாரம் அவ்வாறு செயற்படவில்லை. இந்த மூன்றாவது முடிவு கைப்பேசிச் செய்தியில் இடம்பெறவே இல்லை.

எம்.சி.எஃப்-7 என்பது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. இத்தகைய செய்திகளில் அடிக்கடி வரும் பெயர் அது. 1970இல் அமெரிக்காவில் 69 வயதான கன்னியாஸ்திரீ ஒருவரின் நுரையீரலைச் சூழ்ந்து தேங்கிய நீரிலிருந்து எடுக்கப்பட்ட புற்றுநோய் உயிரணுக்களின் வழித்தோன்றல்கள் அவை. அவற்றை வளர்த்தெடுத்த மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளையின் முதலெழுத்துகளே பெயராயின. இன்றும் உலகெங்கும் கண்ணாடிக் கிண்ணங்களில் அவை வளர்கின்றன. கிண்ணத்தில் அவற்றுக்குக் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. சாரம் நேராக அவற்றின்மேல் படுகிறது. நாம் வாயில் போட்டு விழுங்கும் பொடியோ செரிமானத்தில் சிதைந்து, கல்லீரலில் மாற்றமடைந்து, எஞ்சியது இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவ வேண்டும். கட்டியை எவ்வளவு சென்றடையும், வழியில் எதைத் தாக்கும் என்பதைக் கிண்ணம் சொல்லாது. கிண்ணத்து உயிரணுக்களைக் கொல்ல வேண்டுமானால் சலவைத்தூள் கரைசலே போதும்.

இதில் சீத்தாவின் நிலை சற்றுக் கடுமையானது. சீத்தா குடும்பத் தாவரங்களிலுள்ள அசிட்டோஜெனின் என்னும் பொருட்கள், உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவின் வேலையை முடக்குபவை. அந்த ஆற்றல் நல்ல உயிரணுக்களுக்கும் வேண்டும். தலைப்பேனுக்குச் சீத்தா விதையை அரைத்துத் தேய்க்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அது கண்ணில் பட்டு விழிவெண்படலம் புண்ணானவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். அதைத் தினமும் உள்ளே விழுங்கச் சொல்வதை என்னென்பது?

சித்தூர் மாவட்டத்துக்கு நெருக்கமான இன்னொரு விதையும் உண்டு. இங்கு விளையும் கிளிமூக்கு மாங்காய் கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறது, கொட்டைகள் கழிவாகின்றன. மாங்கொட்டைப் பருப்பின் சாரம் மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களைக் கொல்வதாகவும், இயல்பான மார்பக உயிரணுக்களுக்கு அதனால் விளையும் கேடு குறைவு என்றும் மலேசிய ஆய்வாளர்கள் 2014இல் எழுதினர். நம்பிக்கை தரும் செய்திதான். கழிவுக்கு விலை கிடைத்தால் நம் மா விவசாயிகளுக்கும் நல்லது. ஆயினும் இதுவும் கிண்ணத்தில் நடந்ததே. காசோலையைப் பெட்டியில் போட்டவுடன் பணம் கணக்கில் சேர்ந்துவிட்டதாக நம் வாடிக்கையாளர் எவரும் எண்ணுவதில்லை. இங்கு மட்டும் அப்படி எண்ணிவிடுகிறோம்.

தாவரங்களிலிருந்து மருந்து வராது என்பதன்று நம் கருத்து. மார்பகப் புற்றுநோய்க்கு இன்று தரப்படும் பக்லிடாக்செல், பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து கண்டறியப்பட்டது. 1962இல் பட்டை சேகரிக்கப்பட்டது; சூலகப் புற்றுநோய்க்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் 1992இல்தான் கிடைத்தது, மார்பகப் புற்றுநோய்க்கு 1994இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் விலங்குகளிலும், பின்னர் நோயாளிகளிலும் அளவு, நஞ்சு, பலன் மூன்றும் சோதிக்கப்பட்டன. அதே சோதனையில் தோற்ற விதையும் உண்டு. ஆப்ரிகாட் பருப்பிலுள்ள அமிக்டாலினைக் கொண்டு செய்த லேட்ரில் என்ற பொருளை நம்பி அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் பணத்தைக் கொட்டினர். மேயோ கிளினிக் உள்ளிட்ட மையங்கள் 178 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1982இல் முடிவை வெளியிட்டன: நோய் குணமாகவில்லை, சிலரது இரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை எட்டியது.

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி இங்கு ஏறத்தாழ 1,92,000 பேருக்குப் புதிதாக வந்தது. 98,000 பேர் இறந்தனர். கட்டி மார்பகத்தைத் தாண்டுவதற்குள் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். ஆகவே பொடிக்குக் கொடுக்கும் ஆறு மாதம், பணத்தைவிடப் பெரிய இழப்பு. எல்லாக் கட்டியும் புற்றுநோயன்று. அதை அறிய மேமோகிராம் அல்லது ஸ்கேன், தேவையெனில் ஊசியால் சிறு திசு எடுத்துச் செய்யும் சோதனை ஆகியவையே வழி.

அந்த வாடிக்கையாளர் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானம் அளித்த 25 ஏக்கர் நிலத்தில் டாடா அறக்கட்டளை எழுப்பிய புற்றுநோய் மருத்துவமனை, 2022 மே மாதம் முதல் அலிபிரிக்கு அருகிலேயே இயங்கி வருகிறது. வைப்புத்தொகையை முறிக்கவும் தேவையில்லை என்று சொன்னோம். அதன்மீது கடன் பெறலாம், வைப்பு தன் வட்டியோடு தொடரும். வருமான வரியில் பழைய முறையைப் பின்பற்றுவோர், முன்தடுப்பு உடற்பரிசோதனைக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை, மருத்துவக் காப்பீட்டுக்குரிய வரம்புக்குள், கழிவு கோரலாம் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறோம். இதை ரொக்கமாகச் செலுத்தியிருந்தாலும் செல்லும்.

அவர் கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார். வாங்கிய முதல் பொட்டலத்தை என்ன செய்வது என்று எழும்போது கேட்டார். பிள்ளைகள் கைக்கும் கண்ணுக்கும் எட்டாதபடி மண்ணில் புதைத்துவிடுங்கள் என்றோம்.