குழம்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளலும் களஞ்சியப்படுத்தலும்

எண்ணெயும் நீரும் தாமாகச் சேர்வதில்லை. எத்துணை கலக்கினும் சிறிது நேரத்தில் எண்ணெய் மேலே மிதக்கும். இவ்விரண்டையும் பால்போலக் கலந்து நிற்கச் செய்யும் பொருளே குழம்பாக்கி எனப்படும். சவர்க்காரம் யாவரும் அறிந்த குழம்பாக்கியாகும். 1880ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இரண்டு கலன் மண்ணெண்ணெய், ஒரு கலன் நீர், அரை இறாத்தல் சவர்க்காரம் ஆகியவற்றைக் கலந்து அடித்த குழம்பு, நீர் சேர்த்துப் பழமரங்களுக்குத் தெளிக்கப்பட்டது. இக்காலத்தில் தொழிற்சாலைகளிற் செய்யப்படும் திரவக் குழம்பாக்கிகள் வேப்பெண்ணெய்க் கரைசல் ஆக்குவதற்குப் பயன்படுகின்றன.

மன்னார் – பூநகரி வீதியிலுள்ள பாப்பாமோட்டை போன்ற கரையோரக் கிராமங்களில் இப்பொருளின் தேவை சற்று அதிகமாகும். கத்தரி, மிளகாய், பயிற்றை ஆகியவற்றில் அழுக்கணவன், வெண் ஈ என்பனவும், நெல்லிற் கபில நிறத் தத்தியும் தோன்றும்போது வேப்பெண்ணெய் தெளிப்பது கைகண்ட முறை. ஆனால் கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீர் உவரும் வன்மையும் உடையது. வன்னீரிற் சவர்க்காரம் நுரைக்காது, வெண்டிரையாகப் பிரியும். எண்ணெயும் பிரிந்து தெளிகருவியின் வாயை அடைக்கும். ஆகவே சவர்க்காரம் பயன்படுத்துவோர் மழைநீரையோ, கட்டுக்கரைக்குளத்து வாய்க்கால் நீரையோ எடுத்தல் நன்று. வன்னீரிலும் திரியாத குழம்பாக்கிகளும் உள. வாங்கும்போது இதனைக் கேட்டறிதல் வேண்டும்.

நச்சுத்தன்மை குறைவு என்பதன் பொருள்

சில குழம்பாக்கிகளின் சுட்டித்துண்டில் நச்சுத்தன்மை குறைவு என்று காணப்படும். சிறிதளவு உடலிற் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து நேர்வது அரிது என்பதே இதன் பொருள். தீங்கே இல்லை என்பது இதன் பொருளன்று. செறிந்த குழம்பாக்கி கண்ணிற் பட்டாற் கடுமையாக எரியும். தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசையை நீக்கி வெடிப்பு உண்டாக்கும். விழுங்கியவர் வாந்தியெடுத்தால் நுரை மூச்சுக்குழாயினுட் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். மேலும், மீன், இறால் ஆகியவற்றின் பூக்களைச் சிறிய அளவே தாக்கும். வயலின் வடிகால் கடனீரேரியையும் களப்பையும் சென்றடையும் இப்பகுதியில், கமக்காரரின் கவனக்குறைவு மீனவரின் வலையை வெறுமையாக்கலாம்.

பல பூச்சிநாசினிகளிற் குழம்பாக்கி முன்னரே சேர்க்கப்பட்டுள்ளது. அவற்றோடு மேலும் குழம்பாக்கி சேர்த்தலாகாது. நஞ்சை இலையினுட் செலுத்தும் அப்பொருளே அதனை மனிதத் தோலினுள்ளும் எளிதிற் செலுத்தும்.

கலக்கும் முறை

ஒரு லீற்றர் நீருக்கு 30 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய் போதும். 16 லீற்றர் கொள்ளும் தெளிகருவிக்கு 480 மில்லிலீற்றர் ஆகும். திரவக் குழம்பாக்கியாயின் சுட்டித்துண்டில் குறித்த அளவை முதலில் எண்ணெயோடு நன்கு கலக்குக. பின்னர் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அடிக்குக. சவர்க்காரமாயின் லீற்றருக்குச் சுமார் 5 கிராம் எடுத்து, சிறிது வெந்நீரிற் கரைத்து, அதனுள் எண்ணெயை ஊற்றி அடித்து, எஞ்சிய நீரைச் சேர்க்குக.

தெளிப்பதற்கு முன் கலவையிற் சிறிதளவைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து அரை மணி நேரம் அசையாது வைக்குக. மேலே எண்ணெய் படியாது பால்நிறமாக நின்றால் கலவை சரி. எண்ணெய் பிரிந்தால் தெளித்தலாகாது. பிரிந்த எண்ணெய் இலையைக் கருக்கும். குழம்பாக்கி மிகுந்தாலும் இலை கருகும். எனவே முதலிற் சில செடிகளில் மாத்திரம் தெளித்து, மறுநாட் பார்த்து, பின்னர் தோட்டம் முழுவதற்கும் தெளிக்குக. மாலை வேளையே தகுந்தது. நெல்லுக்குத் தெளிப்போர் தத்தி தங்கும் தூரடியில் படும்படி தெளித்தல் வேண்டும். கலவையை அன்றே பயன்படுத்தி முடித்தல் வேண்டும்.

ஊற்றும்போது கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் அணிதல் வேண்டும். சமையலறைப் பாத்திரத்தை அளவைக்குப் பயன்படுத்தலாகாது. தெளிகருவியைக் கழுவிய நீரைப் பயிர்நிலத்திலேயே விடுதல் வேண்டும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது.

களஞ்சியப்படுத்தல்

குழம்பாக்கியை அது வந்த கொள்கலத்திலேயே, மூடி இறுகப் பூட்டி வைத்தல் வேண்டும். சோடாப் போத்தலிலும் சாராயப் போத்தலிலும் ஊற்றி வைக்கும் வழக்கம் மிகக் கொடியது. தாகமெடுத்த பிள்ளை போத்தலைக் கண்டால் உள்ளிருப்பது யாதென ஆராயாது. வேப்பெண்ணெயும் அவ்வாறே. சிறு பிள்ளைகளுக்கு மருந்தெனப் புகட்டிய வேப்பெண்ணெயால் வலிப்பும் மயக்கமும் நேர்ந்ததை மலேசிய மருத்துவர்கள் 1981இல் வெளியிட்டுள்ளனர். இரண்டையும் பூட்டிய பெட்டியில், உணவு, விதை, மாட்டுத்தீவனம் ஆகியவற்றுக்கு அப்பால் வைத்தல் வேண்டும்.

தகரக் கூரையின் கீழ் வெப்பம் மிகும். மன்னாரின் கோடை வெயிலிற் பொருள் விரைவிற் கெடும். நிழலும் காற்றோட்டமும் உள்ள, நிலத்திலிருந்து சற்று உயர்ந்த தட்டே ஏற்றது. உவர்க்காற்று இரும்புக் கலத்தைத் துருப்பிடிக்கச் செய்யுமாதலின், மாதமொருமுறை கசிவு உண்டோவெனப் பார்க்குக. நாட்பட வைத்தது அடியிற் படியக்கூடும். எடுக்குமுன் கலத்தை நன்கு உருட்டிக் கலக்குக. தீயில் வைத்துச் சூடாக்கலாகாது. முன் வாங்கியதை முன் செலவிடுக.

சிந்தினால் நிலம் மிகவும் வழுக்கும். முதலில் உலர்ந்த மணலையோ உமியையோ தூவி உறிஞ்சச் செய்து, கூட்டி அள்ளிய பின்னரே கழுவுக. அள்ளியதை நீர்நிலைகளில் எறிதலாகாது.

விபத்து நேரின்

கண்ணிற் பட்டால், இமையை விரித்துப் பிடித்து, தூய நீரால் பதினைந்து நிமிடமாவது கழுவுக. தோலிற் பட்டால் நனைந்த உடையைக் களைந்து நிறைய நீரால் கழுவுக. விழுங்கினால் வாயைக் கொப்பளிக்கச் செய்க, வாந்தியெடுக்கச் செய்தலாகாது. உப்புநீர், புளிநீர் முதலியவற்றைப் புகட்டுதலும் ஆகாது. 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்சை அழைத்து, அல்லது கிடைத்த வாகனத்தில், வைத்தியசாலைக்கு உடனே கொண்டு செல்க. சுட்டித்துண்டுடன் கொள்கலத்தையும் எடுத்துச் செல்லல் வேண்டும். உள்ளே சென்றது யாதென்று அறிந்தாலன்றி வைத்தியர் தக்க சிகிச்சை தொடங்குதல் கடினம்.

வெறுங்கொள்கலத்தை மும்முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிகருவியிலேயே சேர்த்து, பின் கலத்தைத் துளையிட்டு விடுக. அதில் குடிநீரோ தேங்காயெண்ணெயோ வைத்தல் ஒருபோதும் ஆகாது. அளவறிந்து கலந்து, பூட்டி வைத்து, சுட்டித்துண்டைக் காத்தால், இப்பொருள் பயிருக்குத் துணையாகுமேயன்றி வீட்டுக்குத் துன்பமாகாது.