நூலகத்தில் இன்னொரு கதவு

கொல்கத்தா பெரிய நகரம். மேற்கு வங்காளத்தின் தலைநகரம். அந்த நகரத்தின் ஒரு பகுதி பெஹாலா. பார்வையற்றோர் பள்ளி ஒன்று அங்கே இருக்கிறது. அந்தப் பள்ளி தொடங்கிய ஆண்டு 1897. பார்வையற்ற பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கிறார்கள். அவர்கள் படிப்பது புள்ளிகளால் ஆன எழுத்து. அதற்குப் பிரெயில் என்று பெயர்.

பெஹாலாவுக்கு அருகில் அலிப்பூர். நம் நாட்டின் தேசிய நூலகம் அங்கேதான் இருக்கிறது. 1953 பிப்ரவரி 1ஆம் நாள் அங்கே அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் முதல் தேசிய நூலகர் பி.எஸ். கேசவன்.  பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை சேர்த்த நூல்களும் அங்கே உள்ளன.

பள்ளி இருக்கிறது. நூலகம் இருக்கிறது. இவை போதுமா?

நூலகம் என்றால் காலையில் போய் மாலை வரை உட்கார்ந்து படிக்கும் இடம். எந்த ஊர் நூலகமானாலும் அப்படித்தான். நடுவில் சிறுநீர் கழிக்க வேண்டும். மூன்று பேரை நினைத்துப் பாருங்கள்.

ஒருவர் பார்வையற்றவர். கழிப்பறை எங்கே என்று அவருக்கு யார் சொல்வது? கதவில் பிரெயில் எழுத்து இல்லை. தரை ஈரம். வாளி வழியில் கிடக்கிறது. கால் வழுக்கினால் என்ன ஆகும்?

இன்னொருவர் சக்கர நாற்காலியில் வருகிறார். வாசலில் சாய்தளம் இருக்கிறது. உள்ளே வந்துவிட்டார். ஆனால் கழிப்பறைக் கதவு குறுகல். நாற்காலி நுழையவில்லை.

மூன்றாவது ஒரு பெண். கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை. தண்ணீர் இல்லை. அதனால் அவர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீரை அடக்கிக்கொள்கிறார். நாளடைவில் எரிச்சலும் காய்ச்சலும் வருகின்றன. சிறுநீர்ப் பாதையில் நோய்க் கிருமி பெருகிவிட்டது. பிறகு அவர் நூலகத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்.

புத்தகம் இவர்களைத் தடுக்கவில்லை. கழிப்பறைதான் தடுத்தது.

சக்கர நாற்காலிக்கு ஏற்ற கழிப்பறை எப்படி இருக்க வேண்டும்?

கதவின் திறப்பு 90 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஏன் தெரியுமா? உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். உள்ளே நாற்காலியைத் திருப்ப இடம் வேண்டும். பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கம்பி வேண்டும். தாழ்ப்பாள் உட்கார்ந்தபடியே கைக்கு எட்ட வேண்டும். தரை வழுக்கக் கூடாது.

இதெல்லாம் சலுகை அல்ல. சட்டம்.

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டு வந்தது. பொதுக் கட்டடங்களை எல்லாரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்கிறது அது. பழைய கட்டடங்களைத் திருத்த 5 ஆண்டு தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணை 2022இல் முடிந்துவிட்டது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. எல்லா நீதிமன்றங்களிலும் ஆண்கள், பெண்கள், மாற்றுத் திறனாளிகள், திருநங்கையர் ஆகியோருக்குக் கழிப்பறை வேண்டும் என்றது. கழிப்பறை வசதி அடிப்படை உரிமை என்றும் சொன்னது.

கட்டினால் மட்டும் போதாது. சில இடங்களில் மாற்றுத் திறனாளிகளின் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. துடைப்பமும் உடைந்த நாற்காலியும் அதற்குள் இருக்கின்றன. சாவி யாரிடம் என்று தெரியவில்லை. அது இருந்தும் இல்லாதது போலத்தான். தினமும் கழுவ ஆள் வேண்டும். அவருக்கு நியாயமான கூலி வேண்டும். கையுறையும் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்? நமக்கு எழுதத் தெரியும். ஒரு மனு எழுதுவோம். நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுவோம். நூலகரிடம் நேரில் கொடுப்போம்.

பேசுவோம்

1. உங்கள் ஊர் நூலகத்தில் கழிப்பறை உண்டா? அது திறந்திருக்கிறதா?
2. சக்கர நாற்காலி அதற்குள் போகுமா? கதவை அளந்து பாருங்கள்.
3. பேருந்து நிலையத்தில் பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் உண்டா?

எழுதுவோம்

உங்கள் ஊர் நூலகருக்கு ஐந்து வரியில் ஒரு மனு எழுதுங்கள்.