கூடுதலாக வந்த பென்ஷனைத் திருப்பிக் கேட்டால்



அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கணவர் மௌத்தான பிறகு, குடும்ப ஓய்வூதியத்தை நம்பியே வீட்டை நடத்தும் சகோதரிகள் நம் காரைக்காலில் பலர். சில ஆண்டுகள் கழித்து வங்கியிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. 'உங்களுக்குக் கூடுதலாகத் தொகை வழங்கப்பட்டுள்ளது, திருப்பிச் செலுத்தவும்' என்று அதில் இருக்கும். தொகை லட்சக்கணக்கில் இருக்கலாம். பயந்துபோய் உடனே நகையை அடகு வைப்பதும் தவறு. கடிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவதும் தவறு.

கூடுதல் தொகை எப்படி வருகிறது?

புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளே பொருந்தும். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர் ஓய்வுக்குப் பின் இறந்தால், அவர் மனைவிக்கு முதலில் உயர்த்தப்பட்ட விகிதத்தில் பென்ஷன் கிடைக்கும். இது 7 ஆண்டுகள் வரை, அல்லது கணவர் உயிரோடு இருந்தால் 67 வயதை எட்டும் நாள் வரை. இவற்றில் எது முந்தியதோ அதுவரை மட்டுமே. பணியில் இருக்கும்போதே இறந்தவரின் குடும்பத்துக்கு இது 10 ஆண்டுகள். அதன் பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமாகக் குறையும்.

எடுத்துக்காட்டாக, கடைசி அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய் என்றால், முதலில் கிடைப்பது 15,000, பிறகு 9,000. குறைக்க வேண்டிய நாளில் குறைக்காமல் மூன்று ஆண்டுகள் விட்டுவிட்டால், மாதம் 6,000 வீதம் 2,16,000 ரூபாய் சேர்ந்துவிடும். அகவிலைப்படி இதற்கு மேல். விகிதம் மாறும் தேதி பென்ஷன் உத்தரவுப் புத்தகத்திலேயே (பி.பி.ஓ.) எழுதியிருக்கும், பலர் அதைப் பார்ப்பதில்லை.

இன்னொரு காரணம், இறப்பைத் தெரிவிக்காமல் இருப்பது. பென்ஷன் இறந்த நாளோடு முடிந்துவிடும். முதியோர், விதவை உதவித்தொகையும் அப்படியே. ஏ.டி.எம். கார்டு வீட்டில் இருக்கிறது என்பதற்காக அதன் பிறகு வரும் பணத்தை எடுப்பது குற்ற வழக்கில் கொண்டுபோய் விடலாம். அந்தப் பணம் மய்யித்தின் சொத்தும் அல்ல, வாரிசுகளின் பங்கும் அல்ல, அரசின் அமானிதம்.

மார்க்கமும் சட்டமும்

தெரியாமல் நம் கைக்கு வந்த பிறர் பணம் நம் மீது கடன். இறந்தவர் உயிரோடு இருந்தபோது கூடுதலாக வாங்கியிருந்தால், கஃபன், அடக்கச் செலவுக்குப் பின், வஸிய்யத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் முன், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அதைத் தீர்க்க வேண்டும். சொத்துக்கு மேல் கடன் இருந்தால் வாரிசுகள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று நாட்டின் சட்டமும் சொல்லவில்லை.

அதே நேரத்தில், கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்கும்படியும், விட்டுக்கொடுத்துவிடுவது இன்னும் நல்லது என்றும் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் கூறுகிறது. ஆகவே அவகாசம் கேட்பதிலும் தள்ளுபடி கேட்பதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைப்பதுதான் கூடாது.

உச்ச நீதிமன்றமும் 2014 டிசம்பரில் ரஃபீக் மசீஹ் வழக்கில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொன்னது. ஊழியரின் தவறு இல்லாமல் கூடுதல் தொகை தரப்பட்டிருந்தால், மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஓராண்டுக்குள் ஓய்வு பெற இருப்பவர்களிடமிருந்தும், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தரப்பட்டு வந்த தொகையையும் வசூலிக்கக் கூடாது என்றது. மத்திய அரசு 2016 மார்ச்சில் இதையொட்டி உத்தரவு பிறப்பித்தது. ஆனால் 2016 ஜூலையில் ஜக்தேவ் சிங் வழக்கில், 'கூடுதலாக வந்தால் திருப்பித் தருவேன்' என்று முன்பே எழுதிக் கொடுத்தவரிடம் வசூலிக்கலாம் என்று அதே நீதிமன்றம் கூறியது. பென்ஷன் கணக்குத் தொடங்கும்போது வங்கிகள் இப்படி எழுதி வாங்குவது வழக்கம். அதனால் இந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் தானாகக் கிடைத்துவிடாது. தெரிந்தே வாங்கிச் செலவு செய்தவருக்குச் சட்டத்திலும் இடமில்லை, மார்க்கத்திலும் இடமில்லை.

கடிதம் வந்தால் செய்ய வேண்டியவை

1. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எவ்வளவு தந்திருக்க வேண்டும், எவ்வளவு தந்தார்கள் என்ற கணக்கை எழுத்து மூலம் கேளுங்கள். பி.பி.ஓ.வுடனும் பாஸ்புக்குடனும் ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கியின் கணக்கிலும் பிழை இருக்கலாம்.

2. படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

3. நீங்கள் எழுதிக் கொடுத்த உறுதிமொழி இருப்பதாகச் சொன்னால், அதன் நகலைக் கேளுங்கள்.

4. கணக்கு சரியாக இருந்தால், குடும்ப வருமானம், மருந்துச் செலவு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் தள்ளுபடி கேளுங்கள். அது இல்லையென்றால் சிறு தவணை கேளுங்கள். கொடுத்த மனுவின் நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

5. வங்கியில் புகார் கொடுத்து 30 நாள்களில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தியாக இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வசூல் உத்தரவைத் துறையே பிறப்பித்திருந்தால், மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவுமின்றி இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் உரிமை உண்டு.

பிரான்ஸ் உதவி பெறுவோர் கவனத்துக்கு

நம் ஊர்க் குடும்பங்களில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குவோரும், பிரான்சில் குடியிருந்து அங்கே வீட்டு வாடகை உதவி பெறுவோரும் உண்டு. பிரெஞ்சு பென்ஷன்காரர் இறந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். மனைவிக்கான பங்கு தானாக வராது, விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். பிரான்சில் வாடகை உதவி பெறுபவர் வேலை, வருமானம், வீட்டில் இருப்போர் எண்ணிக்கை மாறினால் 'காஃப்' அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் கூடுதல் தொகையைத் திருப்பிக் கேட்பார்கள். அந்த முடிவை மறுக்க இரண்டு மாதமே அவகாசம். மறுக்க முடியாதவர் கடன் தள்ளுபடிக்கு மனுச் செய்யலாம். அங்குள்ள பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

கடிதம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே பி.பி.ஓ.வை எடுத்து விகிதம் மாறும் தேதியைப் பாருங்கள். தேதி கடந்த பின்னும் பழைய தொகையே வந்துகொண்டிருந்தால், வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு, கூடுதலாக வந்ததைத் தொடாமல் தனியே வையுங்கள். நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கப் போகும்போது (80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம்) உங்கள் தற்போதைய விகிதம் சரிதானா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.