காலையில் கீச்சிடும் கார்

லிங்கநகரில் மாரி காலத்துக் காலைகளில் காரை ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தி, ஓரிரு நிமிடத்தில் அடங்கினால் பெரும்பாலும் எஞ்சின் பெல்ட்டில் படிந்த ஈரம்தான். விட்டுவிடலாம்.

அடங்காவிட்டால், எஞ்சின் ஓடும்போதே பெல்ட்டின் பல்வரியுள்ள பக்கத்தில் தள்ளி நின்று சிறிது தண்ணீரைப் பீய்ச்சுங்கள். சேலைத் தலைப்பு, சாரம், தலைமுடி கவனம்! சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. சில விநாடி அடங்கி மீண்டும் வந்தால் பெல்ட் ஓடும் கப்பி நேர்கோட்டில் இல்லை.

பிறகு எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பெல்ட்டைப் பாருங்கள். வெடிப்போ கண்ணாடிப் பளபளப்போ இருந்தால் மாற்றத்தான் வேண்டும். பக்கத்து வீட்டு யோசனைப்படி எண்ணெயோ கிறீசோ பூசாதீர்கள். ரப்பர் ஊதி இன்னும் வழுக்கும். கீச்சொலிக்குப் பதிலாக எஞ்சினுக்குள்ளிருந்து ‘டொக் டொக்’ என்று தட்டினால் முதலில் எஞ்சின் ஒயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் தட்டினால் ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.