மருந்துத் தெளிப்பானுள் திரவம் ஓடும் வழி

தோட்டத்தில் வெளிக்காட்டு வேலைக்குச் செல்வோர் முதுகில் சுமந்து செல்லும் மருந்துத் தெளிப்பானை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஒரு கை பிடியை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருக்க, மறு கையிலுள்ள குழாயின் நுனியிலிருந்து மருந்து விசிறிபோல் விரிந்து லாலாங் புல்லின்மீது விழுகின்றது. அக்கலத்தினுள் நிகழ்வது யாது என்பதைக் காண்போம்.

கலம் பெரும்பாலும் 16 லிட்டர் கொள்ளும். 16 லிட்டர் நீரின் எடை 16 கிலோகிராம். கலத்தின் எடை வேறு. வாயிலுள்ள வடிகட்டி, மணலையும் இலைத் துணுக்கையும் தடுக்கும். மூடியில் காற்றுப் புகச் சிறு துளை ஒன்று உண்டு. திரவம் குறையக் குறைய அவ்விடத்தைக் காற்று நிரப்பாவிடில், பம்பினால் திரவத்தை இழுக்க இயலாது. கெட்டிப்பால் டின்னில் இரு துளைகள் இடுவது ஏன் என்று தாயாரைக் கேட்டுப் பாருங்கள்; அதே காரணந்தான்.

பம்பில் இரண்டு வால்வுகள் உள்ளன. பிடியை ஒருபுறம் அசைத்தால் முதல் வால்வு திறந்து திரவம் உள்ளே வருகின்றது. மறுபுறம் அசைத்தால் அது மூடிக்கொள்ள, இரண்டாவது திறந்து திரவத்தை முன்னே விடுகின்றது. நம் இதயத்தின் வால்வுகளும் இவ்வாறே இரத்தத்தை ஒரே திசையில் செலுத்துகின்றன.

அவ்வாறாயின் மருந்து விட்டுவிட்டன்றோ பீய்ச்ச வேண்டும்? சீராக விழுவதன் காரணம் அடுத்துள்ள அழுத்த அறையாகும். அதனுள் காற்று அடைபட்டுள்ளது. நீரை அமுக்கிச் சிறிதாக்குதல் அரிது. காற்றையோ எளிதில் அமுக்கலாம். உள்ளே தள்ளப்படும் திரவம் காற்றை நெருக்குகின்றது. பிடி ஓயும் நொடியில் காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளுகின்றது. இக்கருவியில் நாம் மிகவும் வியப்பது இவ்வறையையே.

பின்னர் திரவம் இரப்பர்க் குழாய், விசைப்பிடி ஆகியவற்றைக் கடந்து முனைத்துளையை அடைகின்றது. அத்துளை நிமிடத்திற்கு 800 மில்லிலிட்டர் விடுமாயின், 16 லிட்டர் எத்தனை நிமிடத்தில் தீரும்? கணக்கிட்டுப் பாருங்கள், 20 என்று வரும்.

டிராக்டரில் பூட்டும் பெரிய தெளிப்பானில் ஒரு வேறுபாடுண்டு. பம்பு தேவைக்கு மிகுதியாகவே அனுப்பும். எஞ்சியது தனிக்குழாய் வழியே கலத்திற்குத் திரும்பி, மருந்து அடியில் படியாதவாறு கலக்கிவிடும்.

முனைத்துளை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது பெருங்கேடு. மென்மையான தூரிகையாலும் நீராலுமே தூய்மை செய்தல் வேண்டும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை விழுங்கியவர்க்கு மாற்றுமருந்தே இல்லை. மலேசியாவில் அது 2020 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும், ஏனைய மருந்துகளும் நஞ்சே. மூடியோ இணைப்போ தளர்ந்து கசிந்தால், மருந்து முதுகை நனைத்துத் தோல்வழியே உடலுட் புகும். ஆகவே கசியும் தெளிப்பானைச் சுமக்கலாகாது. பழுது நீக்கித் தருமாறு கேட்டல் வேண்டும். வேலை முடிந்து வரும் தாயாரைப் பிள்ளைகள் ஓடிச்சென்று கட்டிக்கொள்வது இயல்பே. அவர் குளித்து உடை மாற்றும்வரை சற்றுப் பொறுங்கள். அவ்வுடையைத் தனியே துவைத்தல் நலம்.

இறுதியாகத் தூய நீரைக் கலத்தில் ஊற்றி, பம்பு, அறை, குழாய், முனை என எல்லா வழியிலும் ஓடவிட வேண்டும். அந்நீரை ஆற்றிலோ கால்வாயிலோ கொட்டாமல், மருந்தடித்த நிலத்திலேயே தெளித்துவிட வேண்டும்.