ப்ராசசரை விரட்டலாமா? ஓவர்கிளாக்கிங் பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஆறு மாதம் கழித்துத் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் மாமாவும் கேட்டார்: "மாப்ளே, ஓவர்கிளாக் பண்ணினா சும்மாவே வேகம் கூடுமாமே?" கூடும். ஆனால் சும்மா இல்லை.

ப்ராசசரின் வேகம் ஒரு சின்னப் பெருக்கல் கணக்குதான். அடிப்படைக் கிளாக் 100 மெகா ஹெர்ட்ஸ், மல்டிப்ளையர் 36 என்றால் வேகம் 3.6 கிகா ஹெர்ட்ஸ். இவற்றில் ஒன்றைக் கூட்டுவதே ஓவர்கிளாக்கிங். 1998ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இதில் பெயர் பெற்றது. 66 மெகா ஹெர்ட்ஸ் பஸ்ஸில் 4.5 மடங்காக 300ல் ஓட வேண்டிய சிப் அது. பஸ்ஸை 100க்கு மாற்றியதும் பல சிப்கள் 450ல் ஓடின. பாதி வேகம் இலவசம்!

அந்தக் காலம் போய்விட்டது. இன்றைய ப்ராசசர்கள் டர்போ என்ற பெயரில் தாங்களாகவே எல்லை வரை ஓடிக்கொள்கின்றன. நாம் கூட்டினால் கிடைப்பது பெரும்பாலும் சில சதவீதம்தான். இன்டெல்லில் பெயரின் முடிவில் கே என்ற எழுத்து உள்ள சிப்பும், இசட் வரிசை மதர்போர்டும் இருந்தால்தான் மல்டிப்ளையரைத் தொட முடியும். ஏஎம்டி ரைசன் சிப்களில் பெரும்பாலானவை பூட்டப்படாதவை.

வேகத்தைக் கூட்டினால் சில சமயம் வோல்டேஜையும் கூட்ட வேண்டி வரும். ஆபத்து இங்கேதான். சிப் எடுக்கும் மின்சாரம் வேகத்தின் மடங்கிலும், வோல்டேஜின் வர்க்கத்திலும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டிப் பாருங்கள்: 1.1 × 1.1 × 1.1 = 1.33. அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சூடு. ஏலக்காய் ஸ்டோர் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். சூட்டை ஏற்றினால் காய் சீக்கிரம் காயும். பச்சை நிறம் போய்விடும், விலையும் போய்விடும்.

அதிக வோல்டேஜ் சிப்பை மெல்ல மெல்லக் கெடுக்கும். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சில, யாரும் ஓவர்கிளாக் செய்யாமலேயே கெட்டன. தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதே காரணம் என்று 2024ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அந்தச் சிப் உங்களிடம் இருந்தால் முதல் வேலையாகப் பயாஸை அப்டேட் செய்யுங்கள்.

ஊரும் கணக்கில் வரும். மின்விசிறியால் சிப்பை அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்க முடியாது. போடிமெட்டு மலைச்சரிவில் போடியைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. அங்கே ஜனவரியில் நிலையாக ஓடிய செட்டிங், மே மாதப் போடியில் கம்ப்யூட்டரை உறைய வைக்கலாம். எனவே எதையும் கோடையில், பிற்பகலில் சோதித்துப் பாருங்கள்.

மாமாவுக்கு நான் தொட்டது மெமரியை மட்டும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி என்று போனால் ஸ்பீடு தெரியும். 3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 ராம் அவரிடம் 2400ல் ஓடிக்கொண்டிருந்தது! காசு கொடுத்து வாங்கிய வேகம் தூங்குகிறது. பயாஸில் எக்ஸ்எம்பி (ஏஎம்டி போர்டுகளில் எக்ஸ்போ அல்லது டிஓசிபி என்றும் இருக்கும்) என்பதை ஆன் செய்தால், மதர்போர்டும் ப்ராசசரும் அனுமதிக்கும் வரை அந்த வேகம் கிடைக்கும். கண்டிப்பாகச் சொன்னால் இதுவும் ஓவர்கிளாக்கிங்தான்.

ஆன் செய்யும் முன் முக்கியமான ஃபைல்களைப் பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். மெமரி தடுமாறினால் எப்போதும் நீலத்திரை வருவதில்லை. சத்தமில்லாமல் ஓர் இலக்கம் மாறி சேவ் ஆகிவிடலாம். ஏல லாட்டின் எடையில் அந்த இலக்கம் மாறினால் என்ன ஆகும்? அதனால் மெம்டெஸ்ட்86 புரோகிராமை ஓர் இரவு முழுக்க ஓட விட்டேன். ஒரு பிழை வந்திருந்தாலும் பழைய வேகத்துக்கே போயிருப்பேன். வரவில்லை. எக்செல் பறக்கிறதா என்று கேட்காதீர்கள், கணக்கு வேலையில் வித்தியாசம் மிகக் குறைவு. பேரன் விளையாடும் கேமில் தெரிகிறது.

மாற்றிய பிறகு திரையே வரவில்லையா? சில நிமிடம் பொறுங்கள். பல போர்டுகள் தாமாகவே பழைய செட்டிங்குக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் மின் இணைப்பைக் கழற்றி, மதர்போர்டில் உள்ள வட்டப் பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்து வைத்து மீண்டும் பொருத்துங்கள். பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். தேதியையும் நேரத்தையும் மட்டும் திரும்ப அமைக்க வேண்டியிருக்கும்.