டிவிடெண்டைப் பார்த்தார்கள், கணிப்பைப் பார்க்கவில்லை

இன்ஃபோசிஸ் பங்கை நான் தேர்ந்தெடுத்ததே தப்பு என்று போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தப்பு பங்கில் இல்லை, அதை வாங்கிய பணத்தில் இருந்தது.

டீமேட், கேஒய்சி எல்லாம் உங்களுக்கும் முடிந்த கதைதான். 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்தபின் போர்ட் பிளேரில் கல்லாவில் உட்கார்ந்தபடியே விலை பார்க்க முடிகிறது. அதற்கு முன் செயற்கைக்கோள் இணையத்தை நம்பி யார் டிரேடிங் செய்வது?

2023 ஏப்ரல் 13, வியாழக்கிழமை. சந்தை முடிந்தபின் நான்காம் காலாண்டு ரிசல்ட். மதியம் சென்னையிலிருந்து சித்தி மகன் போன். வேறொரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறான். "அண்ணே, ஆபீஸ்ல வேலை தலைக்கு மேல கிடக்கு. ரிசல்ட் பிச்சுக்கிட்டுப் போகும்" என்றான். அவன் கம்பெனியில் வேலை குவிந்தால் இன்ஃபோசிஸுக்கு என்ன? அப்படிக் கேள் என்று அன்று எனக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. எம்டிஎஃப்-ல் வாங்கினேன்: கொஞ்சம் என் பணம், மீதி புரோக்கர் கடன், தினமும் வட்டி.

சாயங்காலம் டீக்கடையில் எங்கள் கூட்டம் கொண்டாடியது. நிகர லாபம் 6,128 கோடி, முந்தைய ஆண்டைவிட 7.8% கூடுதல். பங்குக்கு 17 ரூபாய் 50 காசு டிவிடெண்ட். அதே அறிக்கையில், வரும் ஆண்டு வருவாய் வளர்ச்சி 4 முதல் 7% என்று கம்பெனியே கணித்திருந்தது. முடிந்த ஆண்டில் வளர்ச்சி 15.4%. முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால், நிலையான நாணய மதிப்பில் வருவாய் 3.2% இறங்கியிருந்தது. நான் அதைக் காட்டியபோது, "அதெல்லாம் பெரிசா எடுத்துக்காதீங்க" என்றார் எங்களில் சீனியர் ஒருவர். அன்றிரவே நியூயார்க் சந்தையில் பங்கு சரிந்தது.

வெள்ளிக்கிழமை அம்பேத்கர் ஜெயந்தி, நமக்குச் சித்திரை முதல் நாள். சந்தை லீவு. பிறகு சனி, ஞாயிறு. விற்க வழியே இல்லை. திங்கள் காலை பங்கு திறந்ததே பெரிய சரிவோடு. ஒரு கட்டத்தில் 15% வரை போனது. புரோக்கரிடமிருந்து மெசேஜ்: மார்ஜின் குறைகிறது, பணம் போடுங்கள். என் பணம் கப்பலில் இருந்தது. கடைக்கு வரவேண்டிய சரக்குக்கு முழுத் தொகையும் கட்டியாகிவிட்டது, சரக்கு நடுக்கடலில். சென்னையில் கடை வைத்திருப்பவர் சாயங்காலத்துக்குள் பணம் புரட்டுவார். நாம் கப்பல் ஹட்டோ துறையில் அணைந்து சரக்கு விற்றால்தான் பணத்தைப் பார்ப்போம். நேரம் தாண்டியதும் புரோக்கர் விற்றுவிட்டார், அன்றைய அடிமட்ட விலைக்குப் பக்கத்தில். அன்றைய முடிவில் இறக்கம் 9 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். அந்த மீட்சியில் எனக்கு ஒரு காசு சேரவில்லை.

சரிவுக்கு முன் 1,400-க்குக் கீழே இருந்த அந்தப் பங்கு 2024 ஜூலையில் 1,800-ஐத் தாண்டியது. சொந்தப் பணத்தில் வாங்கியவர்கள் காத்திருந்தார்கள், கிடைத்தது. பங்கே தப்பு என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஐடி பங்கு ரிசல்ட் வந்ததும் லாபத்தையும் டிவிடெண்டையும் தள்ளிவைத்துவிட்டு வருவாய் கணிப்பைப் படியுங்கள். போன வருஷத்தோடு மட்டுமல்ல, போன காலாண்டோடும் ஒப்பிடுங்கள். நியூயார்க்கிலும் பட்டியலான கம்பெனி என்றால் இரவு அங்கே விலை என்ன ஆகிறது என்று பாருங்கள். நம் கோடைகாலத்தில் அந்தச் சந்தை இரவு ஏழு மணிக்கே திறந்துவிடும். ஐடியில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் சொல்லும் டிப்ஸைக் காதில் வாங்காதீர்கள். உள்விவரம் தெரியாமல் சொன்னால் அது வெறும் ஊகம். தெரிந்து சொன்னால் செபி சட்டப்படி குற்றம், வாங்கும் நீங்களும் மாட்டுவீர்கள்.

சரக்குப் பணம் கப்பலில் இருக்கும்போது எம்டிஎஃப் பக்கமே போகாதீர்கள். நீண்ட லீவுக்கு முந்தின நாள் ரிசல்ட் என்றால், சொந்தப் பணமாக இருந்தாலும் செவ்வாய்க்கிழமை வரை பொறுத்து வாங்குங்கள்.